முதல் பாட்டில் ரத்தம்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வரதட்சணை கொடுக்காமல், மாப்பிள்ளை வீட்டாரிடம் பரியம் வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுத்தேன். புதிதாகப் பழகுகிறவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்சுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார்கள் போல. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கீழே பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இதய அறுவைப் பிரிவில் நான் நர்ஸ். சொந்த ஊர் கணியம்பாடி. மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி ஜீப் ஒரு டாக்டரையும் ஒரு நர்சையும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போகும். மற்ற நர்சுகளுக்கு அந்த முறை வந்தால் சரியாக அன்றைக்குத் தலைவலி வந்துவிடும். எனக்கு வராது. மலையடிவாரத்து அமிர்தியைத் தாண்டி ஜீப் ஏற ஆரம்பித்தால் வார்டு வாடை மூக்கை விட்டுப் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு வாய் நீளம். பட்டணத்தில் நான் சத்தம் போட்டால் நோயாளிகள் அழுவார்கள். மலைக்காரர்கள் பதிலுக்குச் சத்தம் போடுவார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஜீப் ஒரு பள்ளிக்கூடம் வரைக்கும்தான் போகும். அங்கேதான் எங்கள் வைத்தியம். அதற்கு மேலே இருக்கிற ஊர்களுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு செங்குத்தான ஏற்றத்தில் நடந்துதான் போக வேண்டும்.

அவளை நான் முதலில் பார்த்தது அந்த ஏற்றத்தில்தான். மாசி மாதம். பிள்ளையின் காதில் சீழ் என்று மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு கூடை. நான் பின்பக்கம் கை கழுவிக்கொண்டே பார்த்தேன். கொஞ்ச தூரம் ஏறினாள், குந்தினாள். தரையிலிருந்து எதையோ பொறுக்கிக் கூடையில் போட்டாள். எழுந்து கொஞ்சம் ஏறினாள், மறுபடி குந்தினாள். வரிசையில் நின்ற பெண்களிடம் அவள் யாரென்று கேட்டேன்.

“அவளா? குந்திக் குந்திப் போறவ” என்று சிரித்தார்கள். “ஆனா அவ கூடையப் பாருங்க நர்சம்மா. எங்க எல்லாரையும் விட அவகிட்டதான் கடுக்கா அதிகம்.”

காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்பது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அவள் குந்திய விதம் கடுக்காய்க்காகக் குந்துகிறவளுடையதாக எனக்குத் தெரியவில்லை. இதய நோயாளிகளோடே பொழுதைக் கழித்தவளுக்கு, ஒரு கை நெஞ்சுக்குப் போய்த் தங்கிவிட்டு வருவது கண்ணில் படாமல் போகுமா?

அடுத்த மாதம் அவள் பிள்ளையோடு வந்தபோது தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

“ஏம்மா, கடுக்காய் பொறுக்கறதுக்காகக் குந்தறியா, குந்தறதுக்காகக் கடுக்காய் பொறுக்கறியா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நெஞ்ச யாரோ முறுக்கிப் புழியறாப்போல கீது நர்சம்மா. சின்னதுல இருந்தே கீது. சும்மா குந்தினா சோம்பேறின்றாங்க. கடுக்கா பொறுக்கினா கெட்டிக்காரின்றாங்க.”

அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. நெஞ்சு வலியோடு மூன்று பிள்ளை பெற்று, காடு கழனி பார்த்து, அந்த வலிக்கும் ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறாளே!

கூட வந்திருந்த டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். சாதாரணமாக இதயம் இரண்டு சத்தம் போடும், நடுவில் மௌனம் இருக்கும். இவள் நெஞ்சில் மௌனமே இல்லை. திருகையில் யாரோ விடாமல் மாவு அரைப்பதுபோல ஒரே இரைச்சல். டாக்டர் என்னைப் பார்த்தார். கீழே கூட்டிக்கொண்டு வர வேண்டிய கேஸ் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

கூப்பிட்டவுடன் வந்துவிடுவாளா? சாமை விதைத்துவிட்டு வருகிறேன் என்றாள். விதைத்தார்கள். களை எடுத்துவிட்டு என்றாள். எடுத்தார்கள். அறுத்துவிட்டு என்றாள். ஒவ்வொரு மாதமும் நான் தொண்டை கிழியக் கத்துவேன். அவள் பதிலுக்கு, “சாமைய நீங்க வந்து அறுப்பீங்களா?” என்பாள். அவள் கணவன் பக்கத்தில் நின்று மண்ணைப் பார்ப்பான். வாயே திறக்காத மனிதன். ஆனால் சாமை அறுத்துக் களத்துக்கு வந்த கையோடு, பிள்ளைகளைத் தன் தம்பி வீட்டில் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு அமிர்தி பஸ்ஸில் வந்து இறங்கியவனும் அவன்தான். கார்த்திகை மாதம். தலையில் துண்டு நனைந்திருந்தது. “கூட்டியாந்துட்டேங்க” என்றான்.

ரத்தக் குழாய் வழியாக இதயம் வரைக்கும் ஒரு வயரை விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலப்பட்டது. படித்தவர், படிக்கிறவர் என்று எல்லோரும் அவள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கண்காட்சியா நடக்கிறது என்று நான் விரட்டிவிட்டேன். விரட்டினாலும், அவர்கள் அதிசயப்பட்டதில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். அந்தக் குறையோடு பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவை நடக்கக் கற்பதற்கு முன்பே போய்விடும். இவள் மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் அறுவை டாக்டர் ஒரு கோபக்காரர். தியேட்டருக்குள் தப்பான கத்தரியைக் கையில் கொடுத்தால் அது சுவரில் போய் விழும். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டு கோபக்காரர்கள் ஒருவரை ஒருவர் மதிக்கவும் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் படத்தை விளக்கில் பிடித்து எனக்குக் காட்டினார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் புரிகிற மாதிரி நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தப் பாஷை வராது என்றார்.

நான் போய்ச் சொன்னேன். “ஊருக்கே ரத்தம் அனுப்பற நெஞ்சுக்கும் சோறு வேணும் இல்லியா? அதுக்குச் சோறு போட ரெண்டு குழாய் கீது. ரெண்டும் நல்ல ரத்தம் ஓடற பெரிய குழாய்லதான் பொறக்கணும். உனக்கு ஒண்ணு சரியாப் பொறந்துடுச்சி. இன்னொண்ணு, நுரையீரலுக்கு அழுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல போய்ப் பொறந்துடுச்சி. தப்பான வூட்ல பொறந்த புள்ள. சரியாப் பொறந்தது இத்தனை வருஷமா ரெண்டு பக்கத்துக்கும் சோறு போடுது. போடற சோத்துலயும் பாதி, அந்தத் தப்பான வூட்டு வழியா வெளிய போய்டுது.”

அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். “அதுக்கு இன்னா பண்ணுவாங்க?”

“தப்பான வூட்டுக் கதவச் சாத்திடுவாங்க. உன் கால்ல இருந்து ஒரு குழாய எடுத்து, பெரிய வூட்ல இருந்து புது வழி போடுவாங்க.”

“பண்ணலன்னா?”

நான் பொய் சொல்வதில்லை. “ஒரு நாள் அந்த ஏத்தத்துல குந்துவே. எழுந்திருக்க மாட்டே.”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மண்ணைப் பார்த்தான். “சரி பண்ணிடுங்க” என்றாள் அவள். “ஒரே ஒரு வாட்டி எங்கியும் குந்தாம அந்த ஏத்தத்துல ஏறிடணும் நர்சம்மா. எனக்கு அது போதும்.”

அவ்வளவு எளிதாக முடிந்தது என்று நினைத்தேன். ரத்தத்தில் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட அறுவைக்குப் பாட்டில் பாட்டிலாக ரத்தம் வேண்டும். அதில் சிலதாவது அன்று காலையில் எடுத்த புது ரத்தமாக இருக்க வேண்டும் என்பார் எங்கள் டாக்டர். அவளுக்கு ஓ நெகட்டிவ். மழைக்காலத்தில் மலைக்கு வருகிற பஸ் மாதிரி, எப்போதாவது அகப்படுகிற ரகம். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. பிறந்த வீட்டுப் பங்காளிகள் இறங்கி வந்து கை நீட்டினார்கள், ஒருவருக்கும் சேரவில்லை. ரத்த வங்கியில் கொஞ்சம் இருந்தது. எனக்கும் அதே ரகம் என்பதால் ஒரு பாட்டில் கொடுப்பதாக நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அது போதாது. கடைசியில் புருஷனையும் அவன் தம்பியையும் சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் அச்சாகப் பொருந்தியது. நான் சந்தோஷத்தில் ஓடிப் போய் அவளிடம் சொன்னேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. “வேணாம்” என்றாள்.

“இன்னா வேணாம்?”

“அவுரு ரத்தம் வேணாம். அவுரு தம்பி ரத்தமும் வேணாம். எனக்கு ஆபரேசனே வேணாம். வூட்டுக்குப் போறேன்.”

நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள். “அவங்க ரத்தம் எனக்குள்ள ஓடினா நான் அவங்களுக்குப் பங்காளி. அவுருக்குக் கூடப் பொறந்தவ. அப்புறம் இந்தத் தாலிய எந்த மொகத்த வெச்சிக்கினு கட்டிக்கினு இருக்கறது? எம்புள்ளைங்களுக்கு நான் அம்மாவா, அத்தையா? பேங்குல கீற ரத்தம் யாருதோ எவருதோ, மொறை தெரியாது, அது பரவால்ல. இது தெரிஞ்ச மொறை நர்சம்மா.”

“ரத்தத்துல மொறை ஒண்ணும் கிடையாது. சிவப்பா ஒரு தண்ணி, அவ்வளவுதான்.”

“நீங்கதான சொன்னீங்க, குழாய் தப்பான வூட்ல பொறந்துடுச்சின்னு? ஒரு குழாய்க்கே பொறந்த வூடு அம்மாம் பெருசுன்னா, எனக்கு இல்லியா?”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. புரிகிற மாதிரி நான் சொன்ன கதையே என் மேல் திரும்பிவிட்டது. வெளியே வந்து புருஷனைப் பார்த்தேன். அவன் வராந்தாவில் சுவரோரம் குந்தியிருந்தான். அவனுக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. “குடுத்தா பொண்டாட்டி போய்டுவா. குடுக்கலன்னா உசுரு போய்டும். நான் இன்னாங்க பண்றது?” என்றான். அத்தனை மாதத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அது. எனக்கு அவன் மேல் கோபப்பட முடியவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மேசையில் இருக்கிற எதையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாள் கடத்தினால் எங்காவது தேடிப் பிடித்து வேறு ரத்தம் கொண்டுவரலாம், ஆனால் அவள் நாள் கடத்தத் தாங்குவாளா தெரியவில்லை என்றார். முந்தின நாள் படுத்திருக்கும்போதே அவளுக்கு வலி வந்திருந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த மாதிரி விஷயத்துக்கு அவங்க ஊர்ல தீர்ப்புச் சொல்றவங்க யாராவது இருப்பாங்களா?”

“நாட்டார்னு ஒருத்தர் இருப்பாரு. பல ஊருக்குப் பொதுவா.”

“ஜீப்பை அனுப்பி அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க.”

கத்தரி எறிகிற கை அது. இந்த இடத்தில் எவ்வளவு நிதானமாக இருந்தது! நானாக இருந்தால் இன்னும் ஒரு நாள் கத்தியே தொலைத்திருப்பேன்.

புருஷன் ஜீப்பில் போய் நாட்டாரைக் கூட்டிவந்தான். தலையில் குடுமி, தோளில் கம்பளி, காலில் செருப்பில்லை. நாற்காலி போட்டார்கள், வேண்டாம் என்று வராந்தாத் தரையில் உட்கார்ந்தார். எங்கள் டாக்டர் வந்து பார்த்தார். வெள்ளைக் கோட்டோடு அவரும் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் யாரும் கண்டிராத காட்சி. போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். என் ஒரு முறைப்பில் கலைந்தார்கள்.

நாட்டார் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே அறுப்பீர்கள், எதை எடுத்து எங்கே தைப்பீர்கள் என்று எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில் கேட்டார்.

“தெக்கிறப்போ நெஞ்சு ஓடினே இருக்குமா?”

“இல்ல பெரியவரே. நிறுத்திடுவோம். அதுவரைக்கும் ஒரு மெஷின் அவங்களுக்காக வேலை செய்யும். தைச்சு முடிச்சதும் மறுபடி ஓட விடுவோம்.”

“ஓடலன்னா?”

“அதுக்குத்தான் நானும் பயப்படறேன்” என்றார் டாக்டர்.

நாட்டார் அவரையே பார்த்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. பயம் இல்லாதவன் கையில் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். கம்பளியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீயும் ரத்தம் குடுக்கறியாமே?”

“ஆமாங்க.”

“எந்த ரத்தம் மொதல்ல போவும்?”

“எது வேணா போவும். எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல” என்றார் அவர். “நெஞ்சு நின்னா அது சாவு. மறுபடி ஓடினா அது பொறப்பு. பழைய பொண்ணு போய்ட்டா. புதுசாப் பொறக்கறவளுக்கு யாரு ரத்தம் மொதல்ல போவுதோ அவதான் ஆத்தா. அதுக்கு அப்பால போறது எல்லாம் அவ வளர்றதுக்குத் துன்ற சோறு. கட்டிக்கப் போறவன் வூட்டுச் சோத்தத் துன்னா எந்தப் பொண்ணும் தங்கச்சியா ஆவ மாட்டா. உன் ரத்தம் மொதல்ல போவட்டும்.”

சுவரோரம் குந்தியிருந்த புருஷன் தலையைத் தூக்கிக் கேட்டான். “அப்ப நான் அவளத் திரும்பக் கட்டிக்கலாமா?”

“பொண்ணு வூட்டுக்காரங்க குடுத்தா கட்டிக்கலாம்” என்றார் நாட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வரவில்லை. கல்யாணமே ஆகாத கிறிஸ்தவச்சி, நாற்பதைத் தொடப் போகிறவள். ஒரு பகலில் எனக்கு ஒரு மகளும், என்னைவிடச் சில வயதே சின்னவனான ஒரு மருமகனும், மூன்று பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முறையையும் மீறவில்லை. இருந்த முறைக்குள்ளேயே நடந்து போய், அவள் பிழைப்பதற்கு ஒரு வாசலைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார். நான் பெரிய படிப்புப் படித்த நீதிபதிகளைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பளி ஞாபகம் வரும்.

டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். என் பாட்டிலை முதலில் மாட்ட முடியுமா? மெஷின் ஓட ஆரம்பித்தால் எல்லாம் கலந்துதான் போகும், அதற்கு முன்பே...

“முதல் பாட்டில் யாருதுன்றது எனக்கு முக்கியமில்ல சிஸ்டர். அவங்களுக்கு முக்கியம்னா, அதுதான் முதல். நீங்களே வந்து நின்னு பாத்துக்குங்க” என்றார்.

அவள் சம்மதித்தாள். புருஷனும் தம்பியும் ரத்தம் கொடுக்க வந்த கூத்தையும் சொல்ல வேண்டும். தீ மிதிக்கப் போகிற மாதிரி மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்து வந்து நின்றார்கள். பட்டினி வயிற்றில் ரத்தம் எடுக்க மாட்டோம் என்று ரத்த வங்கியில் சொல்லிவிட்டார்கள். ரொட்டியும் பாலும் கொடுத்தால், ரொட்டி காய்ச்சல்காரன் தின்பது என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். “மாமியா சொல்றேன், துன்னுடா” என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் தட்டைக் காலி பண்ணினார்கள்.

தியேட்டரில் நான் சுவரோரமாக நின்றேன். என் பெயர் எழுதி ஒட்டிய பாட்டில் முதலில் தொங்கியது. என் ரத்தம் குழாய் வழியே அவள் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பாட்டில்களை நானே மாட்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒவ்வொரு சொட்டாக எண்ணினேன். நெஞ்சைத் திறந்ததும் டாக்டர் என்னைக் கிட்டே வரச் சொன்னார். சரியாகப் பிறந்த அந்த ஒரு குழாய், இரண்டு பேர் வேலையை முப்பது வருஷமாகச் செய்து செய்து, கட்டைவிரல் பருமனுக்கு வீங்கி வளைந்து வளைந்து கிடந்தது. அதிலிருந்து மெல்லிய கிளைகள் இதயத்தின் மேலே படர்ந்து இடது பக்கம் போயிருந்தன. வழியே இல்லாத இடத்தில் அவள் இதயம் தானாகவே வழி போட்டுக்கொண்டிருக்கிறது. டாக்டர் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு அதைப் பார்த்தபடியே நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு இதயத்தை நிறுத்தினார்கள். தப்பான வீட்டு வாசலைத் தைத்து மூடினார். காலிலிருந்து எடுத்த குழாயைப் பெரிய குழாயிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். அவர் கை தையல் போடுகிறபோது, அவர் கோபத்தையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று தோன்றும். அவ்வளவு நேரமும் ஒரு கத்தரிகூட சுவரில் விழவில்லை. முடிந்ததும் ரத்தத்தைத் திறந்துவிட்டார்கள். இதயம் அசையவில்லை. எல்லோரும் அதையே பார்த்தோம். மேலே ஒரு நடுக்கம் ஓடியது. அப்புறம் ஒரு துடிப்பு. கொஞ்சம் தாமதித்து இன்னொன்று. அதற்கப்புறம் அது நிற்கவில்லை.

“சிஸ்டர், உங்க பொண்ணு பொறந்துட்டா” என்றார் டாக்டர், திரும்பிப் பார்க்காமலே. நான் முகமூடிக்குள் அழுதேன்.

அவள் தேறி வந்த நாட்களில் மருமகன் வார்டுக்குள் நுழைய மாட்டேன் என்றுவிட்டான். இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். ஜன்னலுக்கு வெளியே நின்று, “அத்தே, இதக் குடுத்துடுங்க” என்று பால் சொம்பை என்னிடம் நீட்டுவான். அவள் உள்ளே போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள். மூன்று பிள்ளை பெற்றவர்கள் அடித்த கூத்தைப் பார்த்து ஹாஸ்டலில் மற்ற நர்சுகள் என்னை மாமியார், மாமியார் என்று ஓட்டித் தீர்த்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

பெண் பிறந்த வீட்டிலிருந்துதானே போக வேண்டும்? கணியம்பாடியில் என் அண்ணன் வீட்டில் அவளை வைத்துக்கொண்டோம். மாசி மாதம் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னிடம் கொடுத்தார். திருகைச் சத்தம் போய்விட்டிருந்தது. இரண்டு சத்தம், நடுவில் மௌனம். மலை ஏறலாமா என்று கேட்டேன். மெதுவாக ஏறட்டும் என்றார். கல்யாணத்துக்கு ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்தார். அதன் கலர் சகிக்கவில்லை. அவள் அதைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பரியமாக ஒரு மூட்டை சாமையும் புளியும் வந்திறங்கியது. நாங்கள் தட்டு வரிசையோடு புறப்பட்டோம்.

பள்ளிக்கூடத்தில் ஜீப் நின்றது. அதற்கு மேல் அந்த ஏற்றம். அண்ணனும் மற்றவர்களும் தட்டுகளோடு முன்னால் போய்விட்டார்கள். அவள் ஏற ஆரம்பித்தாள். நான் அவள் பின்னால், எந்த நிமிடமும் தாங்கிப் பிடிக்கத் தயாராக, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினேன். அவள் முன்பு குந்துகிற முதல் இடம் வந்தது. தாண்டினாள். அடுத்தது வந்தது. அதையும் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. புடவைத் தலைப்பு காற்றில் அடிக்க, நடந்துகொண்டே இருந்தாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஜீப்பிலேயே மலை ஏறிப் பழகிய உடம்பு. பாதி ஏற்றத்தில் கால் முட்டி பிடித்துக்கொண்டது. நிற்கிறேன் என்று சொல்ல என் திமிர் இடம் கொடுக்கவில்லை. மெதுவாகக் குனிந்து, தரையில் கிடந்த ஒரு கடுக்காயைப் பொறுக்கினேன்.

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

“சும்மா குந்தும்மா” என்றாள். “நான் நிக்கறேன்.”

அதுவரைக்கும் நர்சம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் குந்தினேன். அவள் எனக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

மேலே ஊர் எல்லையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பிள்ளைகள் மூன்றும் முன்னால். மாப்பிள்ளை புதுத் துண்டோடு, வழக்கம்போல மண்ணைப் பார்த்துக்கொண்டு. நாட்டார் கம்பளியோடு வந்து எதிரில் நின்று, முறைப்படி உரக்கக் கேட்டார்.

“பொண்ணு எந்த வூட்டுப் பொண்ணு?”

பதில் சொல்ல வேண்டியது பெண்ணைப் பெற்றவள். எனக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஊரே காத்திருந்தது. பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

“எங்க வூட்டுப் பொண்ணு” என்றேன்.